கிம் குன்-டே: சித்திரவதை அறையிலிருந்து நாடாளுமன்றம் வரை. அவருடைய அரசியல் தோல்வியா?

#1 தென்றல்வாசி (இழை தொடங்கியவர்)

தென் கொரிய ஜனநாயகப் போராட்டம் என்றதும் எல்லோரும் கிம் டே-ஜுங் பெயரைத்தான் சொல்கிறோம். 1980-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஜனாதிபதியாகி, 2000-இல் நோபல் பரிசு வாங்கியவர். சொல்ல வேண்டியவர்தான். ஆனால் அந்த நாட்டு அரசியலில் என் மனதுக்கு நெருக்கமானவர் கிம் குன்-டே. தமிழில் அவரைப் பற்றி எழுதியதை நான் எங்கும் படித்ததில்லை, அதனால் இந்த இழை.

1947-இல் புச்சொனில் பிறந்தார். அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். 1965-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். 1967 தேர்தல் முறைகேட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது முன்வரிசையில் நின்றதால் பிடித்து ராணுவத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1971-இல் மாணவர்கள் அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்றொரு வழக்கு. அதிலிருந்து தலைமறைவு. 1979-இல் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்படும் வரை அவருடைய இளமை ஒளிந்தே கழிந்தது. இஞ்சோன் பக்கம் தொழிலாளர் நடுவே வேலை செய்தார். அந்தக் காலத்தில்தான் இன் ஜே-குன்னைத் திருமணம் செய்தார். அவரும் தொழிலாளர் இயக்கத்துக்காரர்.

1983 செப்டம்பரில் சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி உச்சத்தில் இருந்தது. குவாங்ஜு நகரில் போராடிய மக்களை ராணுவம் சுட்டுக் கொன்ற படுகொலை நடந்து 3 ஆண்டுதான் ஆகியிருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஜனநாயக இயக்க இளைஞர் கூட்டமைப்பை வெளிப்படையாகத் தொடங்கி, அதன் முதல் தலைவரானார். ரகசியக் குழுவாக இல்லாமல் பெயரும் முகமும் காட்டி ஓர் அமைப்பு. அந்தத் துணிச்சலுக்கு விலை 1985 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தது. சியோலில் நம்யோங்-டோங் போலீஸ் விசாரணைக் கட்டடத்தின் 515-ஆம் அறைக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே நடந்ததை அவரே அதே ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி நீதிமன்றத்தில் சொன்னார். செப்டம்பர் 4 முதல் 20 வரை, தண்ணீராலும் மின்சாரத்தாலும், ஒவ்வொரு தடவையும் சுமார் 5 மணி நேரம். தேதி, நேரம், யார் எந்தப் பெயரால் யாரைக் கூப்பிட்டார்கள், எல்லாவற்றையும் மனதில் குறித்து வைத்திருந்தார்.

1988 ஜூனில் விடுதலை. 1990-இல் மறுபடி சிறை, 1992-இல் வெளியே. 1995-இல் கட்சி அரசியல். 1996-இல் சியோலின் டோபொங் தொகுதியில் வெற்றி, அதே தொகுதியில் தொடர்ந்து 3 முறை. ரோ மூ-ஹியுன் ஆட்சிக் கால ஆளுங்கட்சியான ஊரி கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர், 2004-இல் மக்கள் நல்வாழ்வு அமைச்சர், 2006-இல் கட்சித் தலைவர். 2008-இல் தோல்வி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 64 வயதில் மரணம்.

'நல்ல மனிதர், ஆனால் அரசியல்வாதியாகத் தோற்றவர்' என்று அவரைப் பற்றிப் பலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 கூடல்நகரான்

பெயரே இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஒரு சந்தேகம். நாம் கேள்விப்படும் நம்யோங்-டோங் கதையில் ஒரு மாணவர் இறந்து போவார், அதுதான் 1987 போராட்டத்துக்குக் காரணம் என்பார்கள். இவரும் அதே இடம்தானா?

#3 தென்றல்வாசி

அதே கட்டடம், அதே ஐந்தாவது மாடி. பார்க் ஜொங்-சோல் என்ற மாணவர் 1987 ஜனவரி 14-ஆம் தேதி 509-ஆம் அறையில் தண்ணீர்ச் சித்திரவதையில் இறந்தார். மேசையைத் தட்டினோம், பையன் 'உக்' என்று சரிந்துவிட்டான் என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. நாடே கொதித்தது. ஜூனில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நேரடி ஜனாதிபதித் தேர்தல் கிடைத்தது.

கிம் குன்-டே அதற்குச் சுமார் 13 மாதம் முன்பே அதே மாடியில் நடப்பதை நாட்டுக்குச் சொல்லிவிட்டார். அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்ற நிலை 1987-இல் இல்லை. போலீஸ் சொன்ன கதையை யாரும் நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

#4 அரும்பு

இதில் இன் ஜே-குன் பங்கைச் சொல்லாமல் நகர முடியாது, அண்ணா.

1985 செப்டம்பர் 26-ஆம் தேதி கணவரை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கொண்டு வருவார்கள் என்று எண்ணி அங்கே போய்க் காத்திருந்தார். காவலர்கள் நடுவே ஒரு நிமிடமோ என்னவோ கிடைத்தது. அந்த இடைவெளியில் கிம் நடந்ததைச் சொன்னார், காலில் இருந்த காயத்தைக் காட்டினார். அந்தம்மா அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. கேட்டதை அப்படியே வெளியே கொண்டு வந்தார். ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, முன்பகுதியில் பாட்டு வருகிற மாதிரி வைத்து, வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்பினார்.

அதே டிசம்பரில் அரசியல் கைதிகளின் குடும்பத்தார் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முக்கால்வாசி அம்மாக்களும் மனைவிகளும். இவர் அதன் தொடக்கக் கால நிர்வாகி. பின்னாளில் ஊதா நிறத் துண்டு கட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் கூடினார்களே, அந்தச் சங்கம்தான். 1987-இல் ராபர்ட் எஃப். கென்னடி மனித உரிமை விருது கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அப்போது கிம் சிறையில்.

கொரிய மொழியில் மனைவியை 'உள்ளே இருப்பவர்' என்றும் கணவனை 'வெளியே இருப்பவர்' என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. இவரை எல்லோரும் 'கிம் குன்-டேயின் வெளியாள்' என்றார்கள். உள்ளே இருந்தது அவர், வெளியே நின்று போராடியது இவர்.

#5 கணக்கர்77

போராளி கிம் குன்-டே பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இழையின் கேள்வி அரசியல்வாதி கிம் குன்-டே பற்றியது. அங்கே கொஞ்சம் கறாராகப் பார்ப்போம்.

2002-இல் ஆளுங்கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர் ஊராக வாக்கெடுப்பு நடத்தியது. முதல் ஊர் ஜேஜு. ஏழு பேர் போட்டி, இவர் கடைசி. அடுத்த நாள் உல்சானிலும் அப்படியே. அதோடு விலகிவிட்டார். வென்றது ரோ மூ-ஹியுன். பெரிய இயக்கப் பின்னணி இல்லாத, தொழிற்கல்விப் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒரு வழக்கறிஞர். மக்களிடம் நேராகப் பேசத் தெரிந்தவர். கிம் குன்-டே பேச்சு எப்போதும் கட்டுரை மாதிரி. முடிவெடுக்க நேரம் எடுப்பவர் என்ற பெயரும் கடைசி வரை போகவில்லை.

2006-இல் உள்ளாட்சித் தேர்தலில் கட்சி படுதோல்வி அடைந்த பிறகு தலைமை ஏற்றார். அப்போது அவர் முன்வைத்த திட்டம், பெருநிறுவனங்களுக்குச் சலுகையும் சிறையில் இருந்த முதலாளிகளுக்கு மன்னிப்பும் கொடுப்போம், பதிலுக்கு அவர்கள் முதலீடும் வேலையும் தரட்டும் என்பது. அவருடைய பழைய தோழர்களே எதிர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட கொரியா அணுகுண்டு சோதனை செய்த சில நாளில் வட கொரிய எல்லைக்குள் இரு கொரியாவும் சேர்ந்து நடத்திய கேசோங் தொழிற்பேட்டைக்குப் போனார். அங்கே மதிய விருந்தில் மேடையேறி ஆடிய படம் வெளியாகி நாடு முழுக்கச் சர்ச்சை. நோக்கம் நல்லது, பொருளாதார உறவு அறுந்துவிடக் கூடாது என்றுதான் போனார். ஆனால் அந்த வாரத்தில் அந்தப் படம் எப்படிப் பார்க்கப்படும் என்று தெரிய வேண்டாமா?

துன்பப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் நல்ல தலைவராகிவிட மாட்டார். இதைச் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

#6 வழக்குரை

ஜேஜு தோல்விக்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்கள் நண்பரே. அதுதான் விஷயமே.

2002 மார்ச் 3-ஆம் தேதி அவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, 2000-இல் நடந்த கட்சி உட்தேர்தலில் தான் செலவழித்ததில் சுமார் 2 கோடியே 40 லட்சம் வொன் சட்டப்படிக் கணக்கில் காட்டாத பணம் என்றார். அதில் 2 கோடி வொன் கட்சியின் பெரிய புள்ளி குவோன் நோ-கப் கொடுத்தது என்று பெயரையும் சொன்னார். யாரும் அவரைக் குற்றம் சாட்டியிருக்கவில்லை. கட்சி முதல்முறையாக மக்கள் பங்கெடுக்கும் வாக்கெடுப்பு நடத்துகிறது, பழைய பண அரசியலைச் சுமந்துகொண்டு அதில் இறங்கக் கூடாது என்பது அவர் வாதம்.

பலன் என்ன? எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. சொந்தக் கட்சிக்காரர்கள் 'நம்மை எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டார்' என்று கோபப்பட்டார்கள். போதாததற்கு, உண்மையைச் சொன்னவர் மீதே வழக்கு. இதெல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியாதா?

#7 கூடல்நகரான்

2 கோடி வொன் பெரிய தொகையா? நம் கணக்குக்குப் புரியவில்லை.

#8 கணக்கர்77

#6-இல் ஒரு திருத்தம் வேண்டும். குவோன் கொடுத்ததாக அவர் சொன்ன 2 கோடி சரிதான். கொரியர்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுவார்கள். அவர்கள் சொல்வது '2,000 பத்தாயிரம்', அது 2 கோடி வொன். மொத்தம் 24 கோடி வொன், 2 கோடியே 40 லட்சம் இல்லை. மொத்தத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைய நிலவரப்படி 24 கோடி வொன் என்றால் ஏறக்குறைய 2 லட்சம் அமெரிக்க டாலர். தேர்தல் செலவில் இது பெரிய தொகை இல்லை. மற்றவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்று யாரும் சொல்லவே இல்லை, அது தனிக் கதை.

#9 வழக்குரை

திருத்தத்துக்கு நன்றி. 24 கோடிதான், என் தவறு.

#10 சுவோன்வாசி

நான் 6 ஆண்டாகக் கொரியாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். நம்யோங்-டோங் கட்டடத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் வழித்தடத்தில் நம்யோங் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடைமேடையிலிருந்தே கட்டடம் தெரியும். கருப்புச் செங்கல். மற்ற மாடிகளில் எல்லாம் சாதாரண ஜன்னல், ஐந்தாவது மாடியில் மட்டும் ஒரு ஆள் தலை நுழையாத அகலத்தில் நெட்டுக்குத்தாகக் கீறல்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நடைமேடையில் நின்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். முதல் முறை போனபோது உள்ளே பார்த்த எதையும்விட அந்த நினைப்புதான் என்னை அழுத்தியது.

1976-இல் கட்டியது. வரைந்தவர் கிம் சூ-குன், சியோல் ஒலிம்பிக் மைதானத்தை வடிவமைத்த அதே பெரிய கட்டடக் கலைஞர். பின்வாசல் வழியாக நுழைந்தால் ஒரு இரும்புச் சுழல் படிக்கட்டு நேராக ஐந்தாவது மாடிக்குப் போகும். நடுவில் எந்த மாடியிலும் நிற்காது. கண்ணைக் கட்டி அதில் ஏற்றினால் எத்தனையாவது மாடி என்றே தெரியாமல் போய்விடும். நான் கண் திறந்து ஏறியே, மேலே போனதும் திசை தெரியாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அறைக் கதவுகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு கதவு திறந்தாலும் எதிர் அறையில் இருப்பவர் தெரிய மாட்டார். கதவில் உள்ள பார்வைத் துளை வெளியிலிருந்து உள்ளே பார்ப்பதற்கு. விளக்குப் பொத்தானும் வெளியேதான். பார்க் ஜொங்-சோல் இறந்த 509-ஐ அப்படியே வைத்திருக்கிறார்கள். கழிப்பறை, குளியல் தொட்டி, மேசை, கட்டில் எல்லாம் ஒரே சின்ன அறையில்.

2005-இல் போலீஸே இதை மனித உரிமை மையம் ஆக்கியது. பிறகு போலீஸ் கையிலிருந்தே எடுத்து, 2025 ஜூனில் ஜனநாயக இயக்க நினைவகமாகத் திறந்தார்கள்.

இரண்டாவது முறை என்னோடு வந்த கொரிய நண்பர், வயது ஐம்பதுக்கு மேல், 515 பக்கம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவர் கிம் குன்-டேக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையாம். ஆனால் கிம் சாட்சி சொன்னதை மாணவனாக இருந்தபோது நகலெடுத்த தாளில் படித்தாராம்.

#11 மருதநிலா

சாட்சியில் ஒரு பகுதியைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. வலியைப் பற்றிச் சொன்ன இடம் இல்லை அது. அவரைப் பலகையில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்தவர்கள் நடுவில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். கட்டிக்கொடுத்த பெண் நன்றாக இருக்கிறாளோ என்னவோ என்று ஒருவர். பையன் உடற்தகுதித் தேர்வை நன்றாகச் செய்தானோ என்று இன்னொருவர். பிணத்துக்கு அடியில் வைக்கும் பலகையின் பெயரைத்தான் அந்தச் சித்திரவதைப் பலகைக்கு வைத்திருந்தார்கள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வானொலியைச் சத்தமாக வைப்பார்கள்.

நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன். #5-இல் 'முடிவெடுக்க நேரம் எடுப்பவர், பேச்சு கட்டுரை மாதிரி' என்று படித்ததும் ஒன்று தோன்றியது. அவருக்கு பார்க்கின்சன் நோய் இருந்தது. முகம் இறுகும், பேச்சு மெதுவாகும், நடை தளரும். சித்திரவதையின் பின்விளைவு என்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வந்தால் உடம்பு படுத்துவிடும். பல் மருத்துவரிடம் போக முடியாது, அந்தச் சாய்ந்த நாற்காலியில் படுத்தால் பலகை நினைவு வந்துவிடும். அந்த உடம்போடு 12 ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராக, அமைச்சராக, கட்சித் தலைவராக வேலை செய்திருக்கிறார். மேடையில் சுறுசுறுப்பு இல்லை என்று மக்கள் நினைத்ததில் எவ்வளவு பங்கு அந்த 515-ஆம் அறைக்கு?

#12 கணக்கர்77

மருதநிலா அக்கா, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. 'மெதுவானவர்' என்ற பேச்சை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். 2006 திட்டம் பற்றிய என் கருத்து மாறவில்லை.

#13 பனங்காட்டான்

அதே கூட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சியோல் பல்கலைக்கழகத்தில் மூன்று நண்பர்களைச் சேர்த்தே பேசுவார்கள். கிம் குன்-டே, சோ யோங்-ரே, சோன் ஹாக்-கியூ. சோ யோங்-ரே மனித உரிமை வழக்கறிஞராகி 1990-இல் 43 வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார். சோன் 1993-இல் பழமைவாதக் கட்சியில் சேர்ந்து, கியோங்கி மாகாண ஆளுநராகி, 2007-இல் இந்தப் பக்கம் வந்தார். இன்னொருவர் கிம் மூன்-சூ. தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளர் தலைவர், 1986-இல் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தவர். அவரும் பழமைவாதக் கட்சிக்குப் போனார். கிம் குன்-டே பிறந்த அதே புச்சொன் பகுதியில் 1996-இல் அந்தக் கட்சி வேட்பாளராக ஜெயித்தார். 8 ஆண்டு கியோங்கி ஆளுநர், பிறகு தொழிலாளர் அமைச்சர், 2025 ஜனாதிபதித் தேர்தலில் லீ ஜே-மியுங்கிடம் தோற்றவர்.

ஒரே மாதிரி அடி வாங்கியவர்கள் ஒரே மாதிரி யோசிக்க மாட்டார்கள் என்பது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் பதவியை வைத்து மட்டும் அளந்தால் கிம் மூன்-சூ கிம் குன்-டேயைவிடப் பெரிய வெற்றியாளர் ஆகிவிடுவார். அந்த அளவுகோல் போதுமா?

#14 தென்றல்வாசி

எல்லோருக்கும் நன்றி. பனங்காட்டான் கேட்டதிலிருந்தே தொடர்கிறேன். முதல் பதிவில் நான் சரியாகச் சொல்லாமல் விட்டது இப்போது தெளிவாகிறது.

1985-இல் அவர் செய்தது என்ன? நடந்ததை, நடந்த தேதியோடும் நேரத்தோடும், அதை மறுக்க எல்லா அதிகாரமும் இருந்தவர்கள் முன்னால் சொன்னது. தன்னைப் பற்றியும் மறைக்கவில்லை. தாங்க முடியாமல் கெஞ்சினேன், அவர்கள் சொன்னதை எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். குதிகால் புண்ணில் உரிந்த காய்ந்த தோலைக்கூடச் சாட்சிக்காக எடுத்து வைத்து வழக்கறிஞரிடம் கொடுக்கப் பார்த்தார், காவலர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

2002-இல் தன் கட்சியில் அதையே செய்தார். இந்த முறை தேதிக்குப் பதில் தொகை, சித்திரவதை செய்தவர் பெயருக்குப் பதில் பணம் கொடுத்தவர் பெயர். முதலில் தன் குற்றம்.

2004-இல் சொந்த ஜனாதிபதியிடமே மோதினார். அடுக்குமாடி வீடுகளின் அடக்க விலையை வெளியிடுவோம் என்பது கட்சியின் தேர்தல் வாக்குறுதி. ரோ மூ-ஹியுன் அதிலிருந்து பின்வாங்கியபோது, பதவிச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு விவாதிப்போம் வாருங்கள் என்றார். அதே ஆண்டு நவம்பரில் இவர் அமைச்சர். பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஓய்வூதிய நிதியைக் கட்டுமானத் திட்டங்களில் போடலாம் என்று அரசுக்குள்ளேயே பேச்சு வந்தது. வானம் இரண்டாகப் பிளந்தாலும் மக்கள் சேமித்த பணத்தைக் காப்பேன் என்று அமைச்சகத்தின் இணையதளத்தில் எழுதிவிட்டார். ஆட்சியில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று திட்டு வாங்கினார். 2005 ஜனவரியில் ஏழைக் குழந்தைகளுக்கு விடுமுறையில் கொடுத்த மதிய உணவுப் பெட்டி மோசம் என்று படம் வெளிவந்தது. உள்ளாட்சி அமைப்பு மேல் பழியைத் தள்ளியிருக்கலாம். அவர் மன்னிப்புக் கேட்டார். 2007-இல் அமெரிக்காவோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் கூடாது என்று, தன் கட்சி ஆட்சியை எதிர்த்தே நாடாளுமன்ற வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்.

இதைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாட்சி சொல்லும் வேலையை அவர் நிறுத்தவே இல்லை, இடம்தான் மாறியது.

#15 வழக்குரை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சி சொல்பவர் ஆட்சி நடத்த முடியுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கு அவர் வாழ்க்கை 'முடியாது' என்றுதான் பதில் சொல்கிறது என்பது என் எண்ணம். வருத்தத்தோடு சொல்கிறேன். 2008-இல் டோபொங்கில் அவரைக் கொஞ்ச வாக்கில் தோற்கடித்தது புதிய வலதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த ஷின் ஜி-ஹோ. அந்தத் தேர்தலில் சியோல் முழுக்க 'பழைய வீடுகளை இடித்துப் புது நகர் கட்டித் தருவோம்' என்ற வாக்குறுதி ஓடியது. தன் வீட்டு விலை ஏறுமா என்பதுதான் அன்று கேள்வியாக இருந்தது. வீட்டு விலையை இறக்கப் பேசியவருக்கு அந்தக் கூட்டத்தில் என்ன இடம்?

#16 அரும்பு

அவரைச் சித்திரவதை செய்தவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. லீ குன்-ஆன்.

1985-இல் அந்த ஆளின் பெயரே வெளியே தெரியாது. 1988 டிசம்பரில் பத்திரிகையில் படம் வந்ததும் கிம் அடையாளம் சொன்னார், ஆள் தலைமறைவானார். ஏறக்குறைய 11 ஆண்டு. பெரும்பகுதி சொந்த வீட்டிலேயே ஒளிந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. 1999 அக்டோபரில் சரணடைந்து 7 ஆண்டு தண்டனை பெற்றார். 2005-இல் அமைச்சராக இருந்த கிம் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார்.

எல்லோரும் எதிர்பார்த்தது என்ன? மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி, அழகான செய்தி. அரசியல்வாதிக்கு அதைவிட நல்ல படம் கிடைக்குமா? ஆனால் அந்த வருத்தம் உண்மைதானா என்ற சந்தேகம் தன்னை விடவில்லை என்று பிறகு அவரே சொன்னார். முழுசாக மன்னிக்க முடியாமல் இருப்பது அவருக்குக் குற்ற உணர்வாகவும் இருந்திருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. தென்றல்வாசி அண்ணா சொன்ன வரிசையில் இதையும் சேருங்கள்.

அப்புறம் லீ குன்-ஆன் 2006-இல் விடுதலையாகி, 2008-இல் கிறிஸ்தவப் போதகரானார். விசாரணையும் ஒரு கலைதான் என்று பேட்டி கொடுத்தார். கிம்மின் சந்தேகம் வீண் இல்லை. கிம் இறந்த பிறகு, 2012 ஜனவரியில், அந்தச் சபை அவருடைய போதகர் பட்டத்தைப் பறித்தது.

#17 மருதநிலா

கடைசி நாட்கள் பற்றி ஒன்று. 2011 டிசம்பரில் அவர் மகளுக்குத் திருமணம். அப்பா மருத்துவமனையில், மூளை ரத்தக் குழாயில் அடைப்பு. போக முடியவில்லை. அந்த மாதமே போய்விட்டார். மொரான் பூங்காவில் அடக்கம் செய்தார்கள், தீக்குளித்த தையல் தொழிலாளி ஜொன் டே-இல் கிடக்கும் அதே இடம்.

2014-இல் மறுவிசாரணை நடந்து, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர்மேல் போட்ட குற்றம் செல்லாது என்று சியோல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கேட்க அவர் இல்லை. இன் ஜே-குன் கேட்டார்.

#18 கூடல்நகரான்

இன் ஜே-குன் அதற்குப் பிறகு?

#19 அரும்பு

2012-இல் அதே டோபொங் தொகுதியில் நின்று ஜெயித்தார். 2016, 2020-இலும். 2024-இல் அவர் நிற்கவில்லை, தொகுதி அப்போது ஆளுங்கட்சியாக இருந்த பழமைவாதக் கட்சிக்குப் போய்விட்டது.

#20 சுவோன்வாசி

வழக்குரை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் இங்கே நேரில் இருந்த ஒரு இரவைச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு ஜனாதிபதி யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாங்கள் ஆய்வகத்து ஆட்கள் எல்லோரும் தூங்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாடாளுமன்ற வாசலைப் போலீஸ் அடைத்துவிட்டது. சபாநாயகர் வூ வொன்-ஷிக், அறுபது வயதைத் தாண்டியவர், வேலி ஏறிக் குதித்து உள்ளே போனார். வெளியே ஹெலிகாப்டரில் சிப்பாய்கள் இறங்குகிறார்கள். உள்ளே உறுப்பினர்கள் பலர் சீக்கிரம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கத்துகிறார்கள். அவர் நடைமுறையில் ஓட்டை இருக்கக் கூடாது என்று தீர்மானம் முறைப்படி வந்து சேரும் வரை காத்திருந்தார். எங்களுக்கே பொறுக்கவில்லை, என்ன இந்த மனிதர் இவ்வளவு நிதானமாக இருக்கிறார் என்று. நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு 190 பேர் இருந்தார்கள், 190 பேரும் ராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள்.

வூ வொன்-ஷிக் கிம் குன்-டேயின் அணியில் வளர்ந்தவர். அந்த நாட்களில் அவர் ஒரு இளம்பச்சைக் கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். கிம் குன்-டே கட்டியிருந்தது அது, முக்கியமான காரியம் இருக்கும்போது அதைத்தான் கட்டுவேன் என்று பிறகு அவரே சொன்னார்.

மறுநாள் என் கொரிய நண்பர், 515 வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அந்தப் பட்டையைப் பார்த்தாயா என்றார்.